புது ஆபீஸ்ல சேரப் போறீங்களா? யாரு யார்கூட சாயா குடிக்காங்கன்னு மொதல்ல பாருங்க

வேலையில சேருற அன்னைக்கு கையில ஒரு ஆர்டர் தருவாங்க, அதுல பதவி, சம்பளம், யாருக்குக் கீழ வேலைன்னு எல்லாம் இருக்கும். சில எடத்துல சுவத்துல ஒரு சார்ட்டே மாட்டியிருப்பாங்க, மேல எம்டி, அதுக்குக் கீழ மேனேஜர், அதுக்குக் கீழ சூப்பர்வைசர்னு கோடு போட்டு. ஆனா அந்த எடத்துல சோலி உள்ளபடியே எப்படி ஓடுதுன்னு அந்தச் சார்ட்டு சொல்லாது. லீவு லெட்டர் குடுக்கதுக்கு முன்னாடி யார்ட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும், ஸ்டோர்ல கேட்ட சாமான் அன்னைக்கே வரணும்னா யாரப் பிடிக்கணும், மேனேஜர் இன்னைக்கு எந்த மூடுல இருக்காருன்னு காலையிலயே யாருக்குத் தெரியும், இதெல்லாம் சாயாக்கடையிலயும் சாப்பாட்டு மேசையிலயும் பஸ்ஸுலயும் தானா சேந்த கூட்டங்களுக்குள்ள ஓடுற விஷயம்.

நான் நாகர்கோவில்ல ஒரு தனியார் நிறுவனத்துல அக்கவுண்ட்ஸ் பாக்கேன், புதுசா வாற பிள்ளைகளுக்கு வேலை சொல்லிக் குடுக்கதும் என் பொறுப்புதான். டேலியும் எக்செல்லும் தண்ணிபட்ட பாடா தெரிஞ்ச பிள்ளைக கூட ஆறு மாசத்துல மனசு விட்டு நின்னுருதத பாக்கும்போ வருத்தமா இருக்கும், ஏன்னா பெரும்பாலும் காரணம் வேலை கிடையாது, வந்த ஒடனே ஒரு கூட்டத்துல போயி ஒட்டிக்கிட்டு அந்தக் கூட்டத்தோட சண்டைய எல்லாம் தன் சண்டையா ஆக்கிக்கிட்டதுதான். இல்லன்னா யார்கிட்டயும் ஒட்டாம குனிஞ்ச தலை நிமிராம இருந்து, ஒரு சந்தேகம்னா கேக்க ஆளில்லாம போனது. அதனால நான் எல்லாருக்கும் சொல்லுகது இதுதான்: மொத மூணு மாசம் எல்லாக் கூட்டத்துக்கிட்டயும் முகம் குடுத்துப் பேசுங்க, எந்தக் கூட்டத்துக்கும் உங்கள முழுசா எழுதிக் குடுத்துராதீங்க. அத எப்படிச் செய்யணும்னு வரிசையா சொல்லுகேன், இது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஆபீஸ், ஆஸ்பத்திரி, கடை, எஸ்டேட் எதுல சேந்தாலும் பொருந்தும்.

மொத ரெண்டு வாரம் பாக்குறது மட்டும்

சாப்பாட்டு நேரத்துல இருந்து தொடங்குங்க. எந்த ஆபீஸ்லயும் மத்தியானம் ஒண்ணே கால் மணிக்கு யாரு யாருக்காகக் காத்து நிக்காங்கன்னு பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சுரும். ஒரு அக்கா டிபன் பாக்ஸ திறக்காம வாசலப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, பில்லிங்ல இருந்து இன்னொரு அக்கா வந்த பொறவுதான் திறப்பாங்க, அப்ப அது ஒரு கூட்டம். நம்ம ஊருல கறி கைமாறுற விதத்தப் பாருங்க. ஒருத்தர் சாளை மீன் பொரிச்சது கொண்டு வந்தா அதுல ஒண்ணு யாரு பாக்ஸுக்குப் போகுது, அவங்க கொண்டு வந்த தீயல் யாருக்கு வருது, மரச்சீனிக் கிழங்கு மயக்கியது வந்தா நடுவுல வச்சு எல்லாரும் எடுக்காங்களா இல்ல ரெண்டு மூணு பேரு மட்டும் எடுக்காங்களா. இதுல கேக்காமலே எடுத்துக்கிடுற உரிமை யாருக்கு இருக்கோ அவங்கதான் அந்த மேசையோட உள் ஆளு. புதுசா போனவங்க முதல் நாளே நடுவுல கையை நீட்டக் கூடாது, ஆனா உங்க பாக்ஸ்ல இருக்கத முதல் நாளே நீட்டலாம், வேணும்னா எடுங்கக்கா, அம்மா செஞ்சதுன்னு சொல்லி. அவங்க எடுத்தாலும் சரி, வேண்டாம் மக்ளே நீ சாப்பிடுன்னு சொன்னாலும் சரி, ஒரு பேச்சு வந்தாச்சு.

எந்தச் சேரு யாரோடதுன்னு எழுதி வச்சிருக்காது, ஆனா எல்லாத்துக்கும் ஆளு இருக்கும். அதனால உக்காருகதுக்கு முன்னாடி, இங்க இருக்கலாமான்னு கேட்டுட்டு இருங்க. இந்த ஒரு கேள்விய கேக்காததால முறைச்சுக்கிட்ட ஆளுங்க நிறைய.

யாரு நோன்பு, யாரு மாலை போட்டிருக்காங்க, யாரு தவக்காலத்துல கறி மீன் ஒதுக்குதாங்க, வெள்ளிக்கிழமை யாரு மரக்கறி மட்டும்னு பாத்து வச்சுக்கிடுங்க. கார்த்திகை பொறந்ததும் மாலை போட்டவங்க தனியா ஒரு மேசைக்குப் போவாங்க, அது கோவிச்சுக்கிட்டுப் போறது இல்ல, ரெண்டு மாசத்துல திரும்பி வந்துருவாங்க. அந்த நேரத்துல அவங்க பக்கத்துல போயி மீன் பாக்ஸ திறக்காம இருந்தாலே போதும், அத அவங்க ரொம்ப நாள் ஓர்மையில வச்சிருப்பாங்க.

சாப்பாட்டுக் கூட்டத்துக்கு அடுத்தது சாயாக் கூட்டம். பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் வெளிய கடைக்குப் போற ஆளுங்க. இங்கதான் டிபார்ட்மெண்ட் தாண்டி ஆளு சேருவாங்க, டிரைவர் அண்ணன், ஐடி பையன், செக்யூரிட்டி, ஸ்டோர் இன்சார்ஜ் எல்லாரும் ஒரே பெஞ்சுல ஏத்தன்காய் பஜ்ஜி தின்னுக்கிட்டு நிப்பாங்க. வாரத்துல ஒண்ணு ரெண்டு தடவை போங்க, தினமும் வேண்டாம். யாரு காசு குடுக்காங்கன்னு பாருங்க, சில கூட்டத்துல மொற வச்சுக் குடுப்பாங்க, உங்க மொறை வாற வரைக்கும் காத்திருக்காம மொத வாரத்துலயே ஒரு நாள் நீங்க குடுத்துருங்க. பொம்பளப் பிள்ளைகளுக்கு வெளிய கடைக்குப் போறது எல்லா எடத்துலயும் வழக்கமா இருக்காது, அப்ப பிளாஸ்க்குல சாயா கொண்டு வாற அக்கா யாருன்னு பாருங்க, அவங்க மேசையச் சுத்தி ஒரு கூட்டம் கண்டிப்பா இருக்கும்.

இதுல முக்கியமா ஒரு ஆளக் கண்டுபிடிக்கணும். எல்லாக் கூட்டத்துலயும் ஒரு காலை வச்சிருக்க ஆளு, பதவி சின்னதா இருக்கும், பெரும்பாலும் ரொம்ப வருஷமா இருக்க அட்டெண்டரோ, டெஸ்பேட்ச் பாக்க அக்காவோ. எல்லாச் செக்‌ஷனுக்கும் பேப்பர் கொண்டு போறதால எல்லார் கதையும் அவங்களுக்குத் தெரியும். அவங்களுக்கு மரியாதை குடுங்க, காரியத்துக்காக இல்லாம மனசாரக் குடுங்க, ஏன்னா வருஷக்கணக்கா அந்த எடத்தத் தாங்கிக்கிட்டு இருக்கது அவங்கதான்.

வேலை வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு

புதுசா வாற பிள்ளைகளுக்கு நான் கட்டாயம் சொல்லுக ஒரு பழைய கதை இருக்கு. அமெரிக்காவுல சிகாகோ பக்கத்துல சிசரோங்குற ஊருல வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியோட ஹாதார்ன் ஃபேக்டரி இருந்துச்சு, டெலிபோன் சாமான் செய்யுற எடம். அங்க 1924-ல இருந்து 1932 வரைக்கும் தொழிலாளிகளப் பத்தி பல ஆராய்ச்சி நடந்துச்சு, ஹார்வர்டு பேராசிரியர் எல்டன் மேயோ பேரு இதுல அடிக்கடி வரும். கடைசியா 1931, 32-ல 14 ஆம்பளைங்கள ஒரு தனி ரூம்ல வச்சு அவங்க வேலை பாக்குறத ஒரு ஆளு உக்காந்து கவனிச்சாரு. ஒம்போது பேரு வயர் கட்டுறவங்க, மூணு பேரு சால்டர் வைக்கிறவங்க, ரெண்டு பேரு சரி பாக்குறவங்க. கூட வேலை செஞ்சா கூட காசுன்னு கம்பெனி வச்சிருந்தும் அவங்க கூடச் செய்யல. ஒரு நாளைக்கு இவ்வளவு போதும்னு அவங்களுக்குள்ள ஒரு அளவு இருந்துச்சு, அதுக்கு மேல செஞ்சவனுக்கும் கெட்ட பேரு, ரொம்பக் குறைச்சுச் செஞ்சவனுக்கும் கெட்ட பேரு, மேல போயி போட்டுக் குடுத்தவனுக்கு எல்லாத்தையும் விடக் கெட்ட பேரு. அளவ மீறினவன் தோள்பட்டைக்குக் கீழ ஓங்கி ஒரு குத்து விழும். அந்தச் சின்ன ரூம்லயே முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கூட்டம், முன்னாடி இருந்தவங்களுக்கு நாமதான் ஒசத்தின்னு நெனப்பு, ரெண்டுலயும் சேராம தனியா நின்னவங்களும் உண்டு. கம்பெனி போடாத கூட்டம், கம்பெனி எழுதாத சட்டம், ஆனா கம்பெனி வச்ச ஊக்கத்தொகைய விட அதுக்குத்தான் பலம்.

நம்ம ஊரு அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஃபேக்டரியில போயி பாத்தா இது அப்படியே புரியும். குலசேகரம், மார்த்தாண்டம், புதுக்கடை பக்கமெல்லாம் அண்டி ஆபீஸ்ல வேலை செஞ்ச பொம்பளைங்க இல்லாத தெரு குறைவு. அண்டி உடைக்கிறவங்க, தோல் உரிக்கிறவங்க, பருப்பு தரம் பிரிக்கிறவங்கன்னு தனித்தனியா இருப்பாங்க, கூலி எடைக்கணக்கு. அண்டி ஓட்டுல இருந்து வாற எண்ணெய் பட்டா கை வெந்து போகும், கறுத்துத் தோல் உரியும். புதுசா போற பிள்ளைக்கு அது படாம இருக்க கையில வேற எண்ணெயும் சாம்பலும் எப்படிப் பூசணும், எத்தனை தடவை மறுபடியும் பூசணும், அண்டிய எந்தப் பக்கம் வச்சு அடிச்சா பருப்பு பிளக்காம முழுசா வரும்னு பக்கத்துல இருக்க அக்காதான் காட்டிக் குடுப்பா. முழுப் பருப்புக்குத்தான் விலை, அதுலயும் பெருசுக்கு ஒரு விலை, சின்னதுக்கு ஒரு விலை, 320ங்குற தரம்னா ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு வரைக்கும் நிக்கும், 180னா பெரிய பருப்பு. இந்தக் கைப்பழக்கத்த எந்த சூப்பர்வைசரும் உக்காந்து சொல்லித் தரப் போறது இல்ல. பக்கத்துல இருக்கவ சொல்லித் தரணும்னா அவளுக்கு உங்களப் பிடிக்கணும், வந்த அன்னைக்கே அவளத் தாண்டி எடை காட்டி முதலாளிகிட்ட பேரு வாங்கணும்னு நின்னா அவ சொல்லித் தர மாட்டா.

அதுக்காக வேலையக் குறைச்சுப் பாருங்கன்னு நான் சொல்லல. மொத மாசம் பக்கத்துல இருக்கவங்க என்ன வேகத்துல போறாங்க, ஏன் அந்த வேகத்துல போறாங்கன்னு புரிஞ்சுக்கிடுங்க. சில சமயம் அதுல நியாயம் இருக்கும், ஒருத்தர் கூடச் செஞ்சா அடுத்த மாசம் எல்லாருக்கும் அதையே டார்கெட்டா வச்சிருவாங்கங்குற பயம் வெறும் பயம் இல்ல. உங்களால வேகமாச் செய்ய முடியும்னா செய்யுங்க, மிச்சம் இருக்க நேரத்துல பக்கத்துல இருக்கவங்க வேலையில ஒரு கை குடுங்க. மாசக் கடைசியில வவுச்சர் சரிபாக்குறதுக்கு அரை மணி நேரம் கூட இருந்து குடுத்த பிள்ளைய யாரும் வேகக்காரின்னு குத்தம் சொன்னது கிடையாது.

ரப்பர் எஸ்டேட்ல இதுக்கு வேற முகம். கீரிப்பாறை, சிற்றாறு, கோதையாறு பக்கம் 1984-ல தொடங்குன அரசு ரப்பர் கழகத் தோட்டமும் இருக்கு, தனியார் தோட்டமும் இருக்கு, பால்வெட்டு விடியக்காலையிலயே நடக்கும், ஏன்னா வெயில் ஏறுனா பால் ஓட்டம் குறைஞ்சு போகும். மரத்துக்கு மரம் ஆளு தனியா நிக்கதால வேலை நேரத்துல பேச்சு கிடையாது, பால் அளந்து குடுக்க எடத்துலதான் கூட்டம் கூடும். அங்க புதுசா போறவங்க அளந்து குடுத்த ஒடனே கிளம்பிப் போகாம ஒரு கட்டஞ்சாயா குடிக்க நேரம் நில்லுங்க. எந்தப் பக்கம் யானை வந்துருக்கு, எந்த வழி மழையில சறுக்கும், எந்த அட்டைக்கு என்ன தேய்க்கணும்னு எல்லாம் அங்கதான் காதுல விழும்.

எந்த ஊருன்னு கேப்பாங்க, கண்டிப்பா கேப்பாங்க

நம்ம மாவட்டத்துல மொத நாள் மொதக் கேள்வி எந்த ஊருன்னுதான். அடுத்தது எந்த எடம், வீடு எங்க, அப்பா என்ன சோலி, எந்தக் கோயில். கோயில்னா நமக்கு அம்பலமும் கோயில்தான் சர்ச்சும் கோயில்தான், அதனால அந்த ஒரு கேள்வியில பல விஷயம் அடங்கியிருக்கும். சிலரு பாசத்துல கேப்பாங்க, நம்ம ஊருல தெரிஞ்சவங்க வழி ஒரு சொந்தம் கண்டுபிடிக்காம தூக்கம் வராது, நீ இன்னாரு மகளா, உங்க மாமாவும் நானும் ஒண்ணாப் படிச்சதாக்கும்னு சொல்லும்போ மனசுக்கு இதமாத்தான் இருக்கும். சிலரு சாதியும் மதமும் தெரிஞ்சுக்கிடணும்னே கேப்பாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பதில் குடுங்க, ஊரச் சொல்லுங்க, ஊரப் பத்தியே பேச்ச வளருங்க. தக்கலையா, அங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் எப்பவும் நெரிசலாச்சே. தோவாளையா, பூ மார்க்கெட்டு பக்கம்தானா. அதுக்கு மேல நேரடியா சாதி கேட்டா, அது எதுக்கு அண்ணேன்னு சிரிச்ச முகத்தோட சொல்லிட்டு வேலையப் பாருங்க, கோபமும் வேண்டாம், பதிலும் வேண்டாம்.

மேக்க உள்ளவங்க, நாஞ்சில்நாட்டு ஆளுங்க, கடற்கரை ஆளுங்கன்னு பேச்ச வச்சே பிரிச்சுருவாங்க. களியக்காவிளை பக்கத்துல இருந்து வாறவங்க பேச்சுல மலையாளம் கலந்து வரும், குளச்சல், முட்டம் பக்கத்துப் பேச்சுக்கு வேற ஓட்டம். யாரு பேச்சையும் திருப்பிப் பேசிக் காட்டி சிரிக்காதீங்க, மத்தவங்க சிரிச்சாலும் நீங்க சேராதீங்க. வெளி மாவட்டத்துல இருந்து டிரான்ஸ்பர்ல வாறவங்களுக்கு இத இன்னும் அழுத்தமா சொல்லுகேன், 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு, அதுக்குப் பொறவுதான் தமிழ்நாட்டோட சேந்துச்சு, அந்தச் சேர்க்கைக்காக அடி வாங்குன குடும்பங்க இங்க இருக்கு. நீங்க பாதி மலையாளிதானேன்னு விளையாட்டுக்குச் சொன்னா கூட சுருக்குனு தைக்கும்.

மதம் சம்பந்தப்பட்ட பேச்சுல ரொம்பக் கவனமா இருங்க. 1982-ல மண்டைக்காட்டுல நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்த கண்ணால பாத்தவங்க, வீட்டுல கேட்டு வளந்தவங்க நம்ம கூடயே வேலை பாக்காங்க. அதுக்குப் பொறவும் எல்லாரும் ஒரே மேசையில உக்காந்து சாப்பிடுதோம்னா அது தானா வந்தது இல்ல, மூத்தவங்க பாத்துப் பாத்துப் பேசிக் காப்பாத்துனது. புதுசா வந்த நீங்க ஒரு ஃபார்வர்டு மெசேஜால அதக் கெடுக்கக் கூடாது.

இந்த விஷயத்துல நம்ம ஆஸ்பத்திரிங்கள்ல நடக்க ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கிறிஸ்மஸுக்கும் டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவுக்கும் கிறிஸ்தவ நர்ஸ் சிஸ்டர்மாருக்காக மத்தவங்க டியூட்டி நிப்பாங்க, தீபாவளிக்கும் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடைக்கும் இவங்க திரும்ப நிப்பாங்க, பெருநாளைக்கும் அப்படித்தான். யாரு ஆர்டர் போட்டும் இல்ல, பேசி வச்சுக்கிட்டதுதான். புதுசா சேந்தவங்க இதுல சேந்துக்கிடுங்க, ஆனா ஒண்ணு, மாத்திக்கிட்ட டியூட்டிய ரெஜிஸ்டர்ல எழுதி இன்சார்ஜ்கிட்ட சொல்லிருங்க. வாய்ப்பேச்சுல மாத்திக்கிட்ட டியூட்டிக்கு ஆளு வரலன்னா ரோஸ்டர்ல யாரு பேரு இருக்கோ அவங்கதான் பதில் சொல்லணும்.

பஸ்ஸும் ரயிலும்

காலையில ஒரே பஸ்ல வாறவங்க ஒரு கூட்டம். மார்த்தாண்டத்துல ஏறுற ஆளு, தக்கலையில ஏறுறவங்களுக்கு பேக் போட்டு சீட்டு பிடிச்சு வைக்கும். திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போற பிள்ளைகளுக்கு இது ரயில்ல, நாகர்கோவில், இரணியல், குழித்துறை, பாறசாலைன்னு ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஆளு ஏறி ஒரே பெட்டியில சேருவாங்க, பெரும்பாலும் சீசன் டிக்கெட் ஆளுங்க. இந்தக் கூட்டத்துல வேற வேற கம்பெனி ஆளு இருக்கதால ஆபீஸ் அரசியல் கம்மி, எங்க வேலை காலி இருக்கு, எங்க சம்பளம் ஒழுங்கா வருது, எந்த முதலாளி பிஎஃப் கட்டுறது இல்லன்னு தெரிஞ்சுக்கிட இத விட நல்ல எடம் கிடையாது. ராத்திரி லேட்டாகுற பிள்ளைகளுக்குக் கடைசி பஸ்ஸுல தெரிஞ்ச முகம் ரெண்டு இருக்கது எவ்வளவு பெரிய தைரியம்னு சொல்ல வேண்டாம். ஆனா உங்க ஆபீஸ் விஷயத்த, அதுவும் ஆள் பேரு சொல்லி, பஸ்ஸுல பேசாதீங்க. நம்ம ஊருல முன் சீட்டுல இருக்கது யாரு மச்சான், யாரு மைனின்னு தெரியாது.

வாட்ஸப் குரூப்பு

எல்லா ஆபீஸ்லயும் குறைஞ்சது மூணு இருக்கும். மேனேஜர் இருக்கது, மேனேஜர் இல்லாதது, அதுலயும் நாலு பேரக் கழிச்சுட்டு மிச்ச பேரு வச்சிருக்கது. மொதல்ல உள்ளதுல சேத்துருவாங்க, மத்ததுல என்னையும் சேருங்கன்னு நீங்களா கேக்காதீங்க, நேரம் வந்தா சேப்பாங்க. சேத்த பொறவு ஒரு மாசம் வாழ்த்து, நன்றி, வேலை விஷயம், இதோட நிறுத்திக்கிடுங்க. ஆளப் பத்தின பேச்சு வந்தா சிரிக்கிற பொம்மை கூடப் போடாதீங்க, ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா அந்தப் பொம்மையும் உங்க பேரோட சேந்துதான் போகும். எழுதி அழிச்சாலும் அதுக்குள்ள பாத்தவங்க பாத்ததுதான். கோபத்துல குரூப்ப விட்டு வெளிய போகாதீங்க, சத்தத்த நிறுத்தி ஆர்க்கைவ்ல போட்டுருங்க.

துட்டு விஷயம்

கலெக்‌ஷன் வரும். கல்யாணம், புது வீடு பால்காய்ப்பு, சர்ச்சுல பிள்ளைக்குப் புதுநன்மை, ரிட்டயர்மெண்ட், ஆஸ்பத்திரிச் செலவுன்னு மாசத்துக்கு ஒண்ணாவது வரும். எல்லாரும் எவ்வளவு போடுதாங்கன்னு கேட்டு அதையே போடுங்க, கூடப் போட்டு பேரு வாங்கவும் வேண்டாம், வந்து ஒரு மாசம்தானே ஆச்சுன்னு ஒதுங்கவும் வேண்டாம். கையில இல்லன்னா நேரடியா சொல்லிருங்க, சம்பளம் வந்ததும் தாறேன்க்கான்னு. யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க.

கல்யாணத்துக்குப் போகாட்டி மன்னிச்சுருவாங்க, துட்டி வீட்டுக்குப் போகாட்டி மறக்க மாட்டாங்க. கூட வேலை பாக்கவங்க வீட்டுல ஒரு சாவுன்னா ஆபீஸ்ல வேன் பிடிப்பாங்க, அதுல ஏறிருங்க, ஆளத் தெரியாதேன்னு யோசிக்க வேண்டாம். அங்க போயி என்ன பேசணும்னு நிறைய பிள்ளைக என்கிட்ட கேப்பாங்க. ஒண்ணும் பேச வேண்டாம். கூட வந்தவங்களோட முற்றத்துல நில்லுங்க, அவங்க உள்ள போகும்போ பொறத்தால போங்க, அந்த அண்ணனோ அக்காவோ உங்களப் பாத்தா தலைய ஆட்டுங்க, போதும்.

சீட்டு விஷயத்துல நிதானம். சம்பளம் வாங்குற எடத்துல எல்லாம் யாராவது ஒருத்தர் சிட்டி பிடிப்பாங்க, நம்பிக்கையில ஓடும், நிறைய பேருக்கு அதுலதான் பிள்ளை பீஸும் நகையும் ஆயிருக்கு, அத நான் குறைச்சுச் சொல்லல. ஆனா 1982-ல வந்த சிட் ஃபண்ட் சட்டப்படி சீட்டுன்னா பதிவு பண்ணித்தான் நடத்தணும், பதிவு இல்லாத சீட்டுல துட்டு போனா திரும்பப் பிடிக்க ரொம்பக் கஷ்டம். மொத ஆறு மாசம் எந்தச் சீட்டுலயும் சேராதீங்க, அந்த ஆளு முன்னாடி நடத்துன சீட்ட எடுத்தவங்க ரெண்டு பேருகிட்ட கேட்ட பொறவு, போனா கூடப் பரவாயில்லங்குற தொகைக்குச் சேருங்க.

ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீங்க. சொசைட்டி லோனுக்கு ஒரு கையெழுத்துதான் தம்பி, சும்மா பேருக்குன்னு நல்லாப் பழகுன அண்ணனே கேப்பாரு. 1872 ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவு என்ன சொல்லுதுன்னா, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலன்னா கடன் வாங்குனவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் நின்னவருக்கும் அவ்வளவு பொறுப்பு. அவரு கட்டலன்னா நேரா உங்ககிட்ட வரலாம். எங்க வீட்டுல ஜாமீன் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கண்ணே, மன்னிச்சுருங்கன்னு ஒரு தடவை சொன்னா முகம் ஒரு வாரம் சுருங்கும், அவ்வளவுதான்.

பேச்சு எப்படிப் பரவுது

மேனேஜர் மாறப் போறாரு, போனஸ் கிடையாது, பிராஞ்ச் மூடப் போறாங்கன்னு பேச்சு வரும். கீத் டேவிஸ்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 1953-லயே இதப் பத்தி எழுதியிருக்காரு, ஒரு சேதி நிறைய பேரு காதுக்கு வரும், ஆனா அத அடுத்தவங்களுக்குக் கடத்துறது ஒரு சில பேருதான்னு. நம்ம ஆபீஸ்லயும் அப்படித்தான், கவனிச்சா அந்த ரெண்டு மூணு பேரு யாருன்னு தெரிஞ்சுரும். அவங்ககிட்ட காது குடுங்க, வாய் குடுக்காதீங்க. உங்க சம்பளம், உங்க கல்யாணப் பேச்சு, வேற எடத்துல இன்டர்வியூ போனது, இந்த மூணையும் அவங்க கிட்டத்துல பேசவே வேண்டாம். இன்னொருத்தரப் பத்தி உங்ககிட்ட வந்து குறை சொன்னா, அப்படியா எனக்குத் தெரியலியேன்னு சொல்லி வேலைய எடுத்துருங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா சாயங்காலம் அது நீங்க சொன்னதாத்தான் போகும்.

கூட்டம் உங்கள ஒதுக்குனா, இல்ல எல்லை தாண்டுனா

ஒதுக்குறது சத்தமில்லாம நடக்கும். சாயாவுக்குக் கூப்பிட மாட்டாங்க, நீங்க போனா பேச்சு நிக்கும், மீட்டிங் மாறுனது உங்களுக்கு மட்டும் தெரியாது. மொதல்ல அந்தக் கூட்டத்துல ஓரளவு நிதானமான ஒருத்தர்கிட்ட தனியா கேளுங்க, என்கிட்ட ஏதாவது தப்பா அக்கான்னு. பாதிக்குப் பாதி ஏதோ ஒரு தப்பெண்ணத்துல வந்ததா இருக்கும், அவங்களே தீத்து வைப்பாங்க. தீரலன்னா அந்தக் கூட்டத்துக்குப் பொறத்தால அலையாதீங்க, வேற செக்‌ஷன்ல, பஸ்ஸுல, வெளிய ஆளு இருக்காங்க. வேலை விஷயத்த மட்டும் எழுத்துல கேளுங்க, மெயில்லயோ மெசேஜ்லயோ, அப்ப சொல்லலன்னு யாரும் பொறவு சொல்ல முடியாது.

பாலியல் பேச்சு, தொடுறது, ராத்திரி மெசேஜ், சேந்து நின்னு ஒரு பிள்ளையப் பத்தி அசிங்கமாப் பேசுறது, இதெல்லாம் அனுசரிச்சுப் போற விஷயமே இல்ல. அவரு அப்படித்தான், மனசுல ஒண்ணும் கிடையாதுன்னு கூட்டமே சேந்து சொல்லும், கேக்காதீங்க. 2013-ல வந்த சட்டப்படி பத்து பேரு, அதுக்கு மேல வேலை பாக்க எல்லா எடத்துலயும் உள் புகார்க் குழு இருக்கணும், மூத்த பெண் ஒருத்தர் தலைமையில, உறுப்பினர்கள்ல பாதிக்குக் குறையாம பெண்கள். நடந்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும், தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் நீட்டலாம். பத்துக்குக் குறைவா ஆளு உள்ள கடை, சின்ன ஆபீஸ்னா மாவட்ட அளவுல இருக்க உள்ளூர்க் குழுவுக்குக் குடுக்கலாம், முதலாளி மேலயே புகார்னாலும் அங்கதான். மெசேஜ அழிக்காம வச்சுக்கிடுங்க, தேதியும் நேரமும் கூட யாரு நின்னாங்கங்குறதும் அன்னைக்கே எழுதி வச்சுக்கிடுங்க.

மூணு மாசத்துக்குப் பொறவு

இதுக்குள்ள உங்களுக்கே தெரிஞ்சுரும், யாரு பேச்சுக்கு அப்புறம் மனசு லேசா இருக்கு, யாரு பேச்சுக்கு அப்புறம் கனமா இருக்குன்னு. அத வச்சு உங்க கூட்டத்தத் தேர்ந்தெடுங்க. தேர்ந்தெடுத்த பொறவும் வாரத்துல ஒரு நாள் வேற மேசையில சாப்பிடுங்க, சாயாவுக்கு வேற ஆளோட போங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல் ஆளு பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்குற ஊருல, தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆள நீங்க எவ்வளவு அடிக்கடி பாப்பீங்கன்னு கேட்டாரு. 1973-ல எழுதுனாரு. அடிக்கடி பாக்குற ஆளு மூலமா கிடைச்சது 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்குற ஆளு மூலமா 55.6, ரொம்ப அபூர்வமாப் பாக்குற ஆளு மூலமா 27.8. யோசிச்சுப் பாத்தா நியாயம்தான், தினமும் கூட இருக்கவங்களுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரிஞ்சிருக்கும், தூரத்துல இருக்கவங்களுக்குத்தான் வேற சேதி தெரியும். அதனால வராந்தாவுல பாத்தா சிரிச்சு ரெண்டு வார்த்தை பேசுற பழக்கத்த, ஒரு கூட்டத்துல சேந்துட்டோம்னு நிறுத்திராதீங்க.

டிரான்ஸ்பர்லயோ வேற வேலை கிடைச்சோ போகும்போ சீட்டு எடுத்திருந்தா மிச்சத் தவணைய யாரு வழியா எப்படிக் கட்டுவீங்கன்னு பேசி முடிச்சுட்டுப் போங்க, கைமாத்து வாங்குனதத் திருப்பிக் குடுங்க, உங்களுக்காக டியூட்டி நின்னவங்களுக்கு ஒரு டியூட்டி பாக்கி இருந்தா கடைசி வாரத்துல நின்னு தீத்துருங்க. ஆபீஸ் குரூப்ப விட்டு வெளிய வாறதுக்கு முன்னாடி ஒரு நன்றி போடுங்க, புது நம்பர் இருந்தா அதையும் போடுங்க. சாயாக்கடையில பற்று இருந்தா அதையும் மறக்க வேண்டாம், இல்லன்னா உங்க கூட நின்னு குடிச்ச ஆளுகிட்டத்தான் கடைக்காரரு கேப்பாரு.